சிங்கப்பூர் புழுக்கத்தில் ஒயின் சில்லர்: கம்ப்ரசரா, தெர்மோஎலெக்ட்ரிக்கா, எதுவுமே வேண்டாமா?

ஒயின் சில்லர், அதாவது ஒயினுக்கென்றே உள்ள சின்ன ஃபிரிட்ஜ், வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு வரும் பாட்டில் திறக்கப்படாமல் எவ்வளவு நாள் இருக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கி ஞாயிறு இரவுக்குள் காலி செய்கிறவர் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சமையலறை ஃபிரிட்ஜ் போதும்.

சமையலறை ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லப்படும் பயங்கள் பாதிதான் உண்மை. அது 4 டிகிரியில் ஓடுகிறது. ஒயினை வைத்திருக்க 12, 13 டிகிரி நல்லது. ஃப்ரோஸ்ட் ஃப்ரீ (பனி கட்டாத) வகை உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துவிடுவதால் நாளாக ஆக கார்க் காயலாம். இதெல்லாம் சரி. ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிடப் போகிற பாட்டிலுக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. திருகு மூடி போட்ட பாட்டிலுக்குக் கார்க் கவலையே கிடையாது. சிவப்பு ஒயினைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், நம் ஊர் அறை வெப்பமே மிச்ச வேலையைச் செய்துவிடும்.

சில்லர் யாருக்குத் தேவை என்றால், தள்ளுபடியில் ஒரு பெட்டி வாங்கி ஆண்டு முழுவதும் வைத்துக் குடிப்பவருக்கு. பிள்ளை பிறந்த ஆண்டு ஒயினை அவன் பெரியவனாகும்வரை வைத்திருக்க நினைப்பவருக்கு. பரிசாக வந்த நல்ல பாட்டில்கள் அலமாரிமேல் தூசி படிந்து நிற்கும் வீட்டுக்கு. இந்தக் கடைசி ரகம்தான் இங்கே அதிகம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட குறிப்புகள் ‘வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்’ என்று சொல்லும். அங்கே அது செல்லும். இங்கே இரவில் 25, பகலில் 32, ஆண்டு முழுவதும் அப்படியே. நடுவில் ஆறவிட ஒரு குளிர்காலம்கூட இல்லை. சில மாதத்தில் பழத்தின் மணம் மங்கி, வேகவைத்த பழத்தின் வாடை எழும்பும். வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளுவதும் உண்டு. பாட்டில் வாயில் சுற்றியிருக்கும் தாளுக்கு அடியில் கார்க் புடைத்துக்கொண்டிருந்தால், அல்லது தாளின் ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கசிவு தெரிந்தால், அந்தப் பாட்டில் நிறைய சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒயின் விலையும் சும்மா இல்லை. ஒயினில் உள்ள சுத்த மதுசாரத்துக்கு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 13.5 சதவீத ஒயின் ஒரு பாட்டில் என்றால், ஜிஎஸ்டிக்கு முன்பே சுமார் 9 வெள்ளி தீர்வையாகவே போய்விடுகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கி அலமாரியில் வேகவைக்க வேண்டாம்.

வீட்டில் வைக்காமல், மாத வாடகைக்குக் குளிர்க்கிடங்கில் விடுவது இன்னொரு வழி. நூறு பாட்டிலுக்கு மேல் இருந்து, பத்து ஆண்டுக்குத் தொடப்போவதில்லை என்றால் அது நியாயமான ஏற்பாடு. இருபது முப்பது பாட்டில்காரருக்கு, விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு கிடங்குக்குப் போய் எடுத்துவர முடியாது. இரவு பத்தரைக்கு மேல் கடையில் வாங்கவும் முடியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சில்லர்தான் என்று முடிவாகிவிட்டது. கடையில் இரண்டு ரகம் நிற்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: கறுப்புச் சட்டம், கண்ணாடிக் கதவு, நீல வெளிச்சம். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

அறை எத்தனை டிகிரி?

தெர்மோஎலெக்ட்ரிக் ரகம் பெல்டியர் விளைவில் ஓடுகிறது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும் என்று பிரான்சில் ஜான் பெல்டியர் 1834இல் கண்டது அது. இன்றைய சில்லரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குறைகடத்தித் தகடு, உள்ளே ஒரு விசிறி, வெளியே ஒரு விசிறி, அவ்வளவுதான். கம்ப்ரசர் கிடையாது, வாயு கிடையாது, அதிர்வும் அநேகமாகக் கிடையாது. கேட்க அழகாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தகட்டால் அறையின் வெப்பத்திலிருந்து ஓர் அளவுக்குத்தான் கீழே இறங்க முடியும். வீட்டு சில்லர்களில் அது பொதுவாக 10 முதல் 15 டிகிரி. அறை 22 டிகிரியில் இருக்கும் ஊரில் இது தாராளம். 12ஐ எளிதாகத் தொடும். நம் ஹாலில் மத்தியானம் 31. அதில் 14ஐக் கழித்தால் 17. முகப்பில் 12 என்று நீங்கள் அழுத்தி வைத்திருக்கலாம். பெட்டி 17க்குக் கீழே இறங்காது.

இது மட்டும் என்றால்கூட மன்னிக்கலாம். 17 டிகிரி ஒயினுக்கு எமன் இல்லை. பெரிய தொல்லை ஏர்கானால் வருகிறது. நம்மில் பலர் படுக்கையறை ஏர்கானை இரவில் போட்டு காலையில் அணைப்பவர்கள். இரவில் அறை 24க்கு வரும், சில்லர் 12ஐ எட்டும். காலையில் ஏர்கான் நிற்கும், மத்தியானம் உள்ளே 16, 17. ராத்திரி மறுபடி 12. தினமும் இந்த ஏற்ற இறக்கம். ஒயின் விரிந்து சுருங்கி, கார்க் வழியாக வெளிக்காற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். நிலையான 17ஐவிட இப்படி ஆடும் 12 மோசம் என்பது என் கருத்து.

பொங்கோலில் ஒரு நண்பர் வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். சமையலறை வாசலில் பதினெட்டு பாட்டில் தெர்மோஎலெக்ட்ரிக் பெட்டி. முகப்பில் பச்சை எழுத்தில் 12. ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரண வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து, பேச்சும் முடிந்து, மாலையில் திறந்து பார்த்தோம். 18. அந்தப் பெட்டியின் முகப்பு, நாம் கேட்ட வெப்பநிலையைக் காட்டுகிறதே தவிர உள்ளே இருப்பதை அல்ல. “அப்போ இத்தனை நாளா எனக்கு என்னடா காட்டிக்கிட்டு இருந்துச்சு?” என்றார். சில மாடல்கள் அப்படித்தான். கையேட்டில் ஒரு மூலையில் எழுதியிருக்கும்.

கம்ப்ரசர் ரகம் வீட்டு ஃபிரிட்ஜின் தம்பி. வாயுவை அழுத்தி, குளிர்வித்து, விரியவிட்டு வெப்பத்தை வெளியே தள்ளும். அறை 33 ஆனாலும் உள்ளே 12ஐப் பிடித்து வைக்கும். ஆனால் எல்லாக் கம்ப்ரசர் பெட்டியும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கதவைத் திறந்தால் உள்சுவரிலோ பின்புறத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து. ‘என்’ (N) என்றால் அறை 16 முதல் 32 டிகிரி வரை இருக்கும்போது வேலை செய்யும்படி செய்தது. ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரை. ‘டி’ (T) என்றால் 43 வரை. ‘எஸ்என்’ (SN) என்பது குளிர்ந்த அறைக்கு, கீழே 10 வரை தாங்கும், மேலே அதே 32தான். மேற்கு வெயில் அடிக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை பிற்பகல் மூன்று மணிக்கு 32ஐத் தாண்டும். ஆகவே எஸ்டி அல்லது டி. விற்பனையாளருக்கு இந்த எழுத்து தெரியாவிட்டால் நீங்களே கதவைத் திறந்து பாருங்கள். நிறத்தையும் தட்டின் மரத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்ரசருக்கு எதிராகச் சொல்லப்படுவது சத்தமும் அதிர்வும். சத்தம் உண்மைதான்; படுக்கையறையில் வைத்தால் நள்ளிரவில் கிளிக் என்று ஓடத் தொடங்குவது காதில் விழும். அதிர்வு பழைய ஒயினின் வண்டலைக் கிளப்பும் என்பார்கள். இப்போதைய பெட்டிகளில் கம்ப்ரசர் ரப்பர் காலில் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வால் கெட்ட ஒயினை நான் கண்டதில்லை, சூட்டால் கெட்டதை எத்தனையோ கண்டிருக்கிறேன். தெர்மோஎலெக்ட்ரிக்கின் அமைதியும் குளிர்ந்த அறையில்தான். நம் வெப்பத்தில் அதன் விசிறிகள் ஓயாமல் முழு வேகத்தில் சுற்றும்.

மின்கட்டணத்தையும் போட்டுப் பார்ப்போம். 70 வாட் தெர்மோஎலெக்ட்ரிக் பெட்டி, கேட்ட குளிரை எட்ட முடியாமல் நாள் முழுக்க ஓடினால் தினம் 1.68 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 184 வெள்ளி. அதே அளவு கம்ப்ரசர் பெட்டி எடுக்கும் வாட் கூடுதல், ஆனால் ஓடி ஓடி நிற்பதால் தினம் அரை யூனிட் அளவில் முடித்துக்கொள்ளும்; ஆண்டுக்கு 55 வெள்ளி. விலை குறைவு என்று தெர்மோஎலெக்ட்ரிக்கை எடுப்பவர் மிச்சம் பிடித்ததைக் கரண்ட் பில்லில் கட்டிவிடுவார்.

ஆகவே தெர்மோஎலெக்ட்ரிக் ஒரே ஓர் இடத்துக்குத்தான் பொருந்தும்: இரவும் பகலும் ஏர்கான் ஓடும் அறை. அலுவலகம், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் அறை, அந்த மாதிரி. ஹோட்டல் மினிபாரில் இருக்கும், கம்ப்ரசர் இல்லாமல் சூட்டைக் கொண்டே குளிரூட்டும் அப்சார்ப்ஷன் ரகமும் இதே கதைதான். சத்தமே இராது, வெப்பத்தில் திணறும்.

ஒரு மண்டலம், இரு மண்டலம்

டூயல் ஜோன் பெட்டியில் இரண்டு அறை, இரண்டு வெப்பநிலை. வெள்ளைக்கு 8, சிவப்புக்கு 16 என்று பிரித்து வைக்கலாம். கடைக்காரர் இதைத்தான் முதலில் காட்டுவார். எனக்கு இதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. பரிமாறும் வெப்பநிலை வேறு, வைத்திருக்கும் வெப்பநிலை வேறு. வைத்திருக்க வெள்ளை, சிவப்பு, ஷாம்பேன் எல்லாவற்றுக்கும் 12 போதும். வெள்ளையைக் குடிக்கும் முன் முக்கால் மணி நேரம் சமையலறை ஃபிரிட்ஜில் மாற்றிவைக்கலாம். சிவப்பைக் கால் மணி நேரம் வெளியே வைக்கலாம். ஒற்றை மண்டலப் பெட்டியில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. அதே உயரத்தில் அதிகப் பாட்டிலும் பிடிக்கும். வாரம் மூன்று நாலு தடவை விருந்து நடக்கும் வீடு என்றால் டூயல் ஜோன் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

8 டிகிரிக்கும் கீழே வைப்பவர்களுக்கு இங்கே இன்னொரு தொல்லை உண்டு. நம் காற்றில் இருக்கும் ஈரம் சுமார் 24 டிகிரியிலேயே நீராகப் படியும். உள்ளே குளிர் கூடக் கூட, கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கமும் கூடுதலாகக் குளிரும். மழை நாளில் 6 டிகிரிக்கு வைத்த பெட்டியின் கதவில் தண்ணீர் கோடுகோடாக வழிந்து, கீழே மரத்தரை என்றால் ஊதிப்போகும். 12இல் வைத்தால் இது பெரும்பாலும் வராது. இரட்டைக் கண்ணாடிக் கதவா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடி கொஞ்சம் கருமையாக இருந்தால் இன்னும் நல்லது. புற ஊதாக் கதிர் ஒயினின் மணத்தைக் கெடுக்கும், முக்கியமாக வெளிர் நிறப் பாட்டிலில் இருக்கும் வெள்ளையையும் ஷாம்பேனையும்.

எங்கே வைப்பது

தனியாக நிற்கும் பெட்டி பின்னாலும் பக்கவாட்டிலும் வெப்பத்தை விடும். அலமாரிக்குள் பொருத்தும் பில்ட் இன் பெட்டி முன்பக்கம், அடியில் உள்ள கம்பித்தட்டு வழியாக விடும். பின்னதற்கு விலை அதிகம். அதனால் புது வீட்டுக்காரர்கள் பலர் தனியாக நிற்கும் பெட்டியை வாங்கி, ரெனவேஷன் குத்தகைக்காரரிடம் கேபினெட்டில் கச்சிதமாக அடைக்கச் சொல்கிறார்கள். போட்டோவில் நன்றாக இருக்கும். என் அண்டை வீட்டில் அப்படிச் செய்த பெட்டி ஓராண்டுக்குள் குளிராமல் போய், பழுதுபார்க்க வந்தவர் அதை வெளியே இழுத்துப் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, கை வைக்கவே முடியல. மூணு விரல் இடமாவது விட்டிருக்கணும்” என்றார். கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியை அப்படியே விடுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் ஒரு சாண் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில்) வைக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வெளிச்சம் படாது, யாரும் இடிக்க மாட்டார்கள், சரிதான். ஆனால் கனத்த கதவை மூடிவைத்தால் சில்லர் வெளியே விடும் வெப்பம் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றும். அறை சூடாக ஆக பெட்டி இன்னும் ஓடும், அறை இன்னும் சூடாகும். கதவைத் திறந்தே வைக்க முடிந்தால் மட்டும். துணி காயப்போடும் பின்பக்கமும் வேண்டாம். வெயில், மழைச்சாரல், சலவை இயந்திரத்தின் ஆட்டம் எல்லாம் அங்கேதான். ஹாலில், ஜன்னல் வெயில் படாத சுவரோரம் சிறந்தது.

அளவு விஷயத்தில் ஒரு வார்த்தை. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிக்கை ஒல்லியான 750 மில்லி போர்டோ பாட்டிலை வைத்துக் கணக்கிட்டது. பர்கண்டி, ஷாம்பேன் பாட்டில்களுக்கு வயிறு பெருத்திருக்கும். அவற்றைக் கலந்து அடுக்கினால் 24 பாட்டில் பெட்டியில் 18 நுழைந்தாலே பெரிது, அதுவும் நடுவில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டால்.

வாங்கிய பிறகு

வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். வழியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் ஐந்து நிமிடம் கழித்தே திரும்பச் செருகவும். காலிப் பெட்டியை 12க்குக் கொண்டுவந்த பிறகு பாட்டில்களை அடுக்குங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காமல். சூடான பாட்டில்கள் ஒரு டஜன் உள்ளே போனால் பெட்டி மறுபடி நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முகப்பு எண்ணை நம்பாதீர்கள். தண்ணீர் டம்ளர் வெப்பமானியை மேல்தட்டில் ஒரு நாள், கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒன்றை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. கார்க் காயாமலிருக்க உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டுக்கு அது. ஒயினுக்கு வேண்டியது 50 முதல் 70 சதவீத ஈரப்பதம். நம் வெளிக்காற்றிலேயே 80க்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அந்த ஈரம் உள்ளே போகிறது. கிண்ணமும் வைத்தால் லேபிளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை ஏறும். கார்க்கின் வெளிமுனையில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்கலாம், உள்ளே ஒயினுக்குச் சேதமில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் செய்தே ஆக வேண்டியது சில. கதவு ரப்பரை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மடிப்புக்குள்ளும் விரல் விட்டு எடுத்துவிடுங்கள். கரும்பூஞ்சை அங்கேதான் தொடங்கும். இரண்டு வெள்ளி நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது, பெட்டி வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒற்றினால் சில சமயம் பழைய வடிவத்துக்கு வரும். வராவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பின்பக்கச் சுருளிலோ கம்பித்தட்டிலோ சேரும் தூசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேக்கும் கிளீனர் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பூனை, நாய் இருந்தால் மூன்று மாதம். தெர்மோஎலெக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் வெளிவிசிறியை மறக்கவே கூடாது. அதில் தூசி அடைத்தால் தகட்டின் சூடான பக்கம் ஆறாமல் குளிர்ச்சி போய்விடும். தகடு செத்துப்போச்சு என்று தூக்கி எறியப்படும் பெட்டிகளில் விசிறி மட்டும் நின்றுபோனவையும் உண்டு.

உள்ளே பின்சுவரின் அடியில் தண்ணீர் வடியும் ஒரு சிறு ஓட்டை இருக்கும். நம் ஈரப்பதத்தில் அது அடைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கும். பருத்திக் குச்சியால் சுத்தம் செய்துவிடலாம். பின்சுவரில் பனி கட்டினால் அணைத்துவிட்டு உருகவிடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், சுவருக்குள் வாயு ஓடும் குழாயில் ஓட்டை விழலாம். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. கரி வடிகட்டி இருக்கும் மாடல் என்றால் ஆண்டுக்கு ஒன்று மாற்றவும். உள்ளே சுத்தம் செய்ய வாசனை திரவம் எதுவும் வேண்டாம், வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா போதும்.

பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பழைய சில்லர்கள் அடிமாட்டு விலைக்கு வரும். வீடு மாறுகிறவர்கள், நாடு திரும்புகிறவர்கள் விற்பது. கம்ப்ரசர் பெட்டி என்றால் தயங்காமல் போய்ப் பாருங்கள். போவதற்கு முந்தின இரவே ஓடவிட்டு, உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். போனதும் அந்தத் தண்ணீரில் உங்கள் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள், ரப்பரை நோட்டு வைத்து இழுங்கள், பின்னால் கை வைத்துக் கம்ப்ரசர் ஓடி நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்காமலே ஓடிக்கொண்டிருந்தால் வாயு கசிந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். தெர்மோஎலெக்ட்ரிக் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும், வைக்கும் அறையில் ஏர்கான் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.